சனிக்கிழமை காலையில் போங்கள், திறப்பு விழாவுக்கு வேண்டாம்

கேட்டவர் பாளையங்கோட்டைக்காரர். சென்னைக்கு வந்து எட்டு மாதம், ஓஎம்ஆரில் வேலை, சோழிங்கநல்லூரில் அறை. மாடர்ன் ஆர்ட், சமகால நடனம், டிசைன் கண்காட்சி இதையெல்லாம் நேரில் பார்க்க ஆசை. எங்கே நடக்கிறது, எப்படித் தெரிந்துகொள்வது, எவ்வளவு செலவாகும், பார்த்தால் புரியுமா, ஒன்றும் தெரியாத ஆள் தனியாகப் போய் நின்றால் ஒரு மாதிரி பார்ப்பார்களா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். செலவுக்கு மட்டும் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: முக்கால்வாசி இலவசம், பஸ் காசுதான். மற்றதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓவியனும் இல்லை, விமர்சகனும் இல்லை. அச்சகத்தில் வேலை. பல வருடத்துக்கு முன்னால் ஒரு ஓவியக் கண்காட்சிக்கு கேட்டலாக் அடித்துக் கொடுத்தோம், கட்டைத் தூக்கிக்கொண்டு போய் கேலரியில் இறக்கும்போது சுவரில் தொங்கிய படத்தையும் கையிலிருந்த அச்சையும் சும்மா ஒப்பிட்டுப் பார்த்தேன், நாங்கள் அடித்திருந்த சிவப்பு அந்தச் சிவப்பே இல்லை. முதலாளியிடம் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து நேரில் போய்ப் பார்க்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. அதனால் இது அனுபவஸ்தன் சொல்வது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம், திறப்பு விழாவில் ஆரம்பிக்காதீர்கள். எல்லாரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள், அதோடு முடிந்தும் போகிறது. சாயந்திரம் ஆறரை மணி, குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர் வரத் தாமதம், சால்வை, ஒருவருக்கொருவர் ஏற்கெனவே தெரிந்த நாற்பது பேர் படங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பேசுவார்கள், நீங்கள் சமோசாத் தட்டோடு ஒரு மூலையில் நிற்பீர்கள். "நம்ம இடம் இல்லை" என்று தோன்றிவிடும். அதே கண்காட்சிக்கு சனிக்கிழமை காலை பதினொன்றரைக்குப் போய்ப் பாருங்கள், கேலரியில் யாரும் இருக்கமாட்டார்கள். ஓவியர் மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பார், நீங்கள் நுழைந்ததும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தொந்தரவு செய்யக்கூடாது என்று மறுபடி குனிந்துகொள்வார். உண்மையில் யாராவது வந்து ஏதாவது கேட்கமாட்டார்களா என்றுதான் அவர் காலையிலிருந்து காத்திருக்கிறார். "இது எதுல பண்ணது?" என்று கேட்டால் போதும். இது எண்ணெய் வண்ணமா, அக்ரிலிக்கா, இந்த மேடு எப்படி வந்தது என்று செய்முறையைக் கேளுங்கள், "இதுக்கு என்ன அர்த்தம்" என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்கு அவரிடமும் சரியான பதில் இருக்காது. செய்முறையைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார், அர்த்தமும் அதிலேயே பாதி வந்துவிடும்.

இதற்கு நல்ல இடம் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமி, மத்திய அரசின் கலை அமைப்பு. ஆயிரம் விளக்கு மெட்ரோவில் இறங்கினால் பக்கம். கண்காட்சிகள் அடிக்கடி மாறும். சில வாரம் பிரமாதமாக இருக்கும், சில வாரம் யானையும் பிள்ளையாரும் சூரியோதயமுமாக இருக்கும், அதுவும் பார்க்க வேண்டியதுதான், அப்போதுதான் வித்தியாசம் தெரியும். நுங்கம்பாக்கத்தில் ஜெர்மன்காரர்களின் பண்பாட்டு மையமான மாக்ஸ் முல்லர் பவனும் பிரெஞ்சுக்காரர்களின் அலியான்ஸ் பிரான்சேஸும் ஒன்றுக்கொன்று ஆட்டோ தூரம், ஒரே நாளில் சேர்த்துப் பார்க்கலாம். தனியார் கேலரிகள் நுங்கம்பாக்கம், மயிலாப்பூர், அடையாறு பக்கம் சிதறிக் கிடக்கின்றன. படத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் விற்றுவிட்டது என்று அர்த்தம், அதற்கு மேல் அந்த உலகத்தின் ரகசியம் ஒன்றும் இல்லை.

ஆனால் உங்களுக்கு நான் சொல்வது இவை எதுவும் இல்லை. நீங்கள் சோழிங்கநல்லூரில் இருந்துகொண்டு கலை எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்கள்! சிக்னலிலிருந்து ஈசிஆருக்குப் போகிற இணைப்புச் சாலையில் அக்கரை போய், இடது பக்கம் திரும்பினால் ஈஞ்சம்பாக்கம், அங்கேதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். உங்கள் அறையிலிருந்து ஆறேழு கிலோமீட்டருக்கு மேல் இருக்காது.

அதன் கதை தெரிந்துகொண்டு போனால் நல்லது. எழும்பூரிலிருந்து சென்ட்ரல் போகிற வழியில் பெரியமேட்டில் ஒரு ஓவியக் கல்லூரி இருக்கிறது, 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. மெரினாவில் உழைப்பாளர் சிலை பார்த்திருப்பீர்கள், அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர். அவருக்குப் பிறகு கே.சி.எஸ். பணிக்கர். பணிக்கருக்கு முன்னால் இருந்த பிரச்சினை எளிமையானது: பையன்கள் நன்றாக வரைகிறார்கள், படித்து முடித்ததும் விளம்பரக் கம்பெனிக்கோ வாத்தியார் வேலைக்கோ போய் வரைவதையே விட்டுவிடுகிறார்கள். அதற்கு அவரும் மாணவர்களும் கண்டுபிடித்த வழி பாத்திக். துணியில் மெழுகு வைத்துச் சாயம் போட்டு, தோலிலும் உலோகத்திலும் கைவினைப் பொருள் செய்து, கண்காட்சி வைத்து விற்று, அந்தக் காசைச் சேர்த்து அன்றைக்கு வெறும் மணலும் சவுக்குமாகக் கிடந்த இடத்தை வாங்கினார்கள். 1966-ல் கிராமம் உருவானது. பாதி நாள் கைவினை, மீதி நாள் ஓவியம். அரசாங்கமோ பெரிய புரவலரோ கட்டிக் கொடுத்தது இல்லை, சேலையும் சுவர்த் தொங்கலும் விற்ற காசு.

அங்கே உள்ள மியூசியத்துக்குள் போனதும் வரிசையாக எல்லாப் படத்தையும் பார்த்துக்கொண்டு போகாதீர்கள், களைத்துப்போவீர்கள். பணிக்கர் முன்னால் மட்டும் நில்லுங்கள். 'சொற்களும் குறியீடுகளும்' என்று அவர் அறுபதுகளில் ஆரம்பித்து கடைசி வரை செய்த வரிசை. பார்த்தவுடன் ஏதோ பழைய ஏடு, ஜாதகக் கட்டம், கணக்கு நோட்டு மாதிரி இருக்கும். நமக்கு எழுத்தைக் கண்டால் படிக்கத்தானே தோன்றும், கண் தானாகவே இடமிருந்து வலம் ஓடும். ஒரு எழுத்து மலையாளம் போல இருக்கும், படிக்கப் போனால் வழுக்கிவிடும். அடுத்தது தமிழோ என்று தோன்றும், அதுவும் இல்லை. நான் முதல் தடவை நாலைந்து நிமிடம் ஒரு வரியையாவது படித்துவிட வேண்டும் என்று மல்லுக்கட்டினேன், என் தொழிலே எழுத்துதானே. முடியாமல் விட்ட பிறகுதான் அது கோடாகவும் கறையாகவும் வண்ணமாகவும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. தாத்தா வீட்டுப் பரணில் கிடந்த பத்திரங்களைப் படிக்கத் தெரியாத வயதில் பார்த்தோமே, அந்தப் பார்வை திரும்பி வந்த மாதிரி இருந்தது. "புரியுமா" என்று கேட்டீர்களே, அதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. கே. ராமானுஜம் படங்கள் கிடைத்தால் அதையும் விடாதீர்கள், மயிரிழை மாதிரிப் பேனாக் கோடுகளில் ஒரு கனவு ஊரே கட்டிவைத்திருப்பார். 1973-ல் இளம் வயதிலேயே போய்விட்டார்.

வெளியே தோட்டத்தில் சிற்பங்கள் இருக்கும், வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடுங்கள். சட்டென்று முடித்துக்கொண்டு வராதீர்கள், அடுத்த மாதம் இன்னொரு தடவையும் போங்கள்.

நடனத்துக்கு வருவோம். சென்னையில் நடனம் என்றால் மார்கழி, சபா, கேன்டீன் என்று எல்லாருக்கும் தெரியும். அதைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை, பரதம் ஓரளவு பார்த்திருந்தால்தான் சமகால நடனக்காரர்கள் எதோடு சண்டை போடுகிறார்கள் என்று பிடிபடும். அந்தச் சண்டையின் பெரிய பெயர் சந்திரலேகா. 1952-ல் அவருடைய அரங்கேற்றம், ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்கு நிதி திரட்டத்தான் நடந்தது. யமுனையில் பெண்கள் தண்ணீரில் விளையாடுவதை அபிநயத்தில் காட்டிக்கொண்டிருக்கும்போதே, பத்திரிகையில் பார்த்த வெடித்த நிலமும், தண்ணீருக்கு டப்பாவோடு நின்ற வரிசையும் நினைவுக்கு வந்து அப்படியே உறைந்துபோனதாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். பல வருடம் கழித்து 1985-ல் 'அங்கிகா' என்று ஒன்று செய்தார், அதில் கதை இல்லை, கண்ணன் இல்லை, சிரித்த முகம் இல்லை, களரியும் யோகமும் அடவும் சேர்ந்த உடம்பு மட்டும். பழையவர்களில் பாதிப் பேருக்குக் கோபம்.

அவர் 2006 டிசம்பரில் காலமானார். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைச் சாலையில் அவர் வாழ்ந்த வீடுதான் 'ஸ்பேசஸ்'. மரங்களுக்கு நடுவே மேடை, எதிரே கடல். அவருடைய கடைசிப் படைப்பு 'சரீரா'. இரண்டே பேர், ஒரு பெண் ஒரு ஆண், துருபத் என்கிற பழைய வட இந்தியப் பாட்டு. உண்மையைச் சொல்கிறேன், முதல் பத்து நிமிடம் நான் இரண்டு தடவை மணி பார்த்தேன். அந்தப் பெண் தரையில் கிடந்தபடி கால்களை விரிக்கிறார், அவ்வளவுதான், அதற்கே அத்தனை நேரம் எடுத்துக்கொள்கிறார். பிறகு எப்போது என்று தெரியாமல் என் மூச்சு அவர் மூச்சோடு போக ஆரம்பித்துவிட்டது. தொடைச் சதை ஒன்று லேசாக நடுங்கியது, அதை நான் பார்த்தேன், பக்கத்தில் இருந்தவரும் பார்த்தார் என்று அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. நீங்கள் நெல்லைக்காரர், கோயில் கொடையில் கணியான் கூத்து பார்த்திருப்பீர்கள், நடுராத்திரி தாண்டி மகுடம் என்கிற பறை ஒரே தாளத்தில் போய்க்கொண்டே இருக்கும்போது தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் ஒரு நிலை வருமே. அந்தப் பொறுமை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. சினிமா வேகத்துக்குப் பழகிய ஊர்க்காரனைவிட நீங்கள் நன்றாகப் பார்ப்பீர்கள்.

சந்திரலேகாவிடம் பத்து வருடம் ஆடிய பத்மினி செட்டூர் இப்போது அதே ஊரில் தன் வழியில் செய்கிறார். அவருடைய 'வால் டான்சிங்' மூன்று மணி நேரம், மேடை கிடையாது, ஆடுபவர்கள் சுவரையும் தரையையும் ஒட்டி மெதுவாக நகர, நாமும் நடந்து நடந்து பார்க்க வேண்டும். ப்ரீத்தி ஆத்ரேயாவின் ஒரு படைப்பில் பத்துப் பேர் ஒரு சதுரத்துக்குள் குதிக்கிறார்கள், விதவிதமாக, மூச்சு வாங்க வாங்க. அதை நான் ரொம்ப ரசித்தேன், பள்ளிக்கூட பி.டி. பீரியடும் படைப் பயிற்சியும் பாண்டி ஆட்டமும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. இவர்கள் சேர்ந்து நடத்தும் பேஸ்மென்ட் 21 என்ற குழுவின் பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சென்னையில் புது நடனம் எங்கே நடந்தாலும் அந்தப் பக்கத்திலிருந்து செய்தி வரும். மார்ச் மாதம் கவனமாக இருங்கள், மார்கழிக் கூட்டம் ஓய்ந்த பிறகு அவர்கள் நடன விழா வைப்பது வழக்கம். இதற்கு டிக்கெட் இருந்தாலும் சினிமா, பாப்கார்ன் கணக்குக்குள் அடங்கிவிடும்.

புகைப்படம் பிடிக்குமென்றால் சென்னை போட்டோ பியென்னாலே என்கிற புகைப்படத் திருவிழா. 2016-ல் தொடங்கியது, வருடாவருடம் கிடையாது. 2019-ல் புகைப்படக் கலைஞர் புஷ்பமாலா பொறுப்பில் நடந்தபோது பல்கலைக்கழக செனட் ஹவுஸுக்குள் படங்களை வைத்தார்கள். வெளியிலிருந்தே எத்தனை தடவை பார்த்த கட்டடம், படம் பார்க்கிற சாக்கில்தான் உள்ளே அந்த வண்ணக் கண்ணாடிகளைப் பார்த்தேன். கடைசியாக நடந்தது 2024 டிசம்பரில் ஆரம்பித்து அடுத்த மார்ச் வரை.

சரி, "ஒரு மாதிரி பார்ப்பார்களா"? சில இடத்தில் பார்ப்பார்கள். ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு தனியார் கேலரியில், பெயர் வேண்டாம், ஹெல்மெட்டும் தோள்பையுமாக நுழைந்தபோது வாசலில் இருந்தவர் "டெலிவரியா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டு வந்தேன். இந்த உலகம் பெரும்பாலும் இங்கிலீஷில் பேசுகிறது, சுவரில் ஒட்டிய குறிப்பு இங்கிலீஷில்தான் இருக்கும், அதுவும் இங்கிலீஷ் தெரிந்தவனுக்கே புரியாத இங்கிலீஷ். அதைப் படிக்காதீர்கள், நஷ்டமில்லை. சென்னையில் நடக்கிற கண்காட்சிக்குத் தமிழில் நாலு வரி எழுத ஆள் கிடைக்கவில்லையா என்று நான் விருந்தினர் புத்தகத்தில் பல தடவை எழுதியாகிவிட்டது. சமீபமாகச் சில இடங்களில் தமிழும் போடுகிறார்கள்.

இதே கோபத்திலிருந்து பிறந்த விழாக்களும் இந்த ஊரில் உண்டு. 2015-ல் பெசன்ட் நகர் ஓரத்திலுள்ள ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர்களோடு சேர்ந்து ஒரு விழா ஆரம்பித்தார்கள், கர்நாடகக் கச்சேரியும் பறையாட்டமும் ஒரே மேடையில். சினிமா இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் நடத்தும் வானம் கலைத் திருவிழா இருக்கிறது, மார்கழியில் மக்களிசை 2020-லிருந்து, பொங்கலை ஒட்டி சென்னை சங்கமம். இங்கெல்லாம் யாரும் யாரையும் மேலும் கீழும் பார்ப்பதில்லை. உங்கள் ஓஎம்ஆரிலேயே கண்ணகி நகர் போனால், ஊருக்குள்ளிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்களின் அடுக்கு வீட்டுச் சுவர்களில் ஆளுயரத்துக்குப் பல மடங்கு பெரிய ஓவியங்கள், 2020-ல் ஆரம்பித்த வேலை. சுவர் அழகாக இருக்கிறது, தண்ணீர் பஸ் வேலை எல்லாம் என்ன ஆனது என்று அங்கே டீக்கடையில் கேட்டால் வேறு கதை சொல்வார்கள், இரண்டையும் சேர்த்தே பாருங்கள். இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையச் சுவரிலும் பெரிய முகங்களாக ஒன்று இருக்கிறது, எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்காக வரைந்தது.

அப்புறம் டிசைன். நாற்காலி, விளக்கு, லோகோ என்று தேடினால் சென்னையில் ஏமாந்துபோவீர்கள், பெங்களூருக்குத்தான் போக வேண்டும். இங்கே டிசைன் என்றால் முதலில் துணி, அடுத்தது வீடு. கைத்தறிக் கண்காட்சி போட்டால் புடவை வாங்காத ஆம்பளைக்கு அங்கே என்ன வேலை என்று நினைக்காமல், நெய்தவரே வந்து உட்கார்ந்திருக்கும் ஸ்டாலாகப் பார்த்துப் போங்கள். காஞ்சிபுரம் கோர்வை என்று கேளுங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் சேருகிற இடத்தில் கோடு கத்தியால் வெட்டின மாதிரி இருக்கும். அச்சில் இரண்டு நிறத்தை அப்படி ஒட்ட வைக்க நாங்கள் படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும். அங்கே கரைக்குத் தனி நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் ஓடம்), உடலுக்குத் தனி நாடா, ஒவ்வொரு இழையும் அந்தக் கோட்டில் ஒன்றோடொன்று கொக்கி போட்டுத் திரும்புகிறது, நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து அடுத்த பக்க நாடாவைத் தள்ள வேண்டும். புடவையைத் திருப்பி அடிப்பக்கம் காட்டச் சொல்லுங்கள், சந்தோஷமாகக் காட்டுவார்கள். வீட்டுக்கு, ஈசிஆரில் முட்டுக்காடு தட்சிணசித்ரா. 1996-ல் திறந்தது, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைப்பு. நாலு மாநிலத்துப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள், நம் ஊர்ப் பக்கத்து அக்ரகார வீடும் உண்டு. உள்ளேயே சமகால ஓவியக் கண்காட்சியும் நடக்கும். செவ்வாய்க்கிழமை விடுமுறை, இது தெரியாமல் போய் பூட்டின கேட்டைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

செய்தி எப்படிக் கிடைக்கும் என்றால், டிக்கெட் ஆப்களில் காமெடி ஷோவும் இசைக் கச்சேரியும்தான் வரும், இதெல்லாம் வராது. இன்ஸ்டாகிராமில் இடங்களைவிட ஆட்களைப் பின்தொடருங்கள். பிடித்த ஓவியர் ஒருவர், நடனக்காரர் ஒருவர், ஓவியக் கல்லூரி மாணவர் இரண்டு பேர் போதும், அவர்கள் ஸ்டோரியில் போடும் போஸ்டர்தான் இந்த ஊரின் உண்மையான நிகழ்ச்சி நிரல். கல்லூரி மாணவர்களை முக்கியமாகச் சொல்கிறேன், பெரும்பாலும் சின்ன ஊர்களிலிருந்து வந்தவர்கள், தமிழில் பேசுவார்கள், எது நல்ல ஷோ எது வெறும் பந்தா என்று தயங்காமல் சொல்வார்கள். விருந்தினர் புத்தகத்தில் போன் நம்பர் எழுதிவிட்டு வந்தால் வாட்ஸ்அப்பில் அழைப்பும் வரும். ஏப்ரல், மே மாதங்களில் அதிகம் வராது, பயப்படாதீர்கள், வெயில்.

தனியாகப் போவது பற்றி. ஒரு தடவை அச்சகத்து நண்பரைக் கட்டாயப்படுத்தி ஒரு நடன நிகழ்ச்சிக்குக் கூட்டிப் போனேன். பத்தாவது நிமிடத்தில் போனை எடுத்தார், பதினைந்தாவது நிமிடத்தில் காதில் "எப்ப முடியும்?" என்றார், இருபதாவது நிமிடம் எழுந்து வெளியே போய்விட்டார். நான் அவரையே நினைத்துக்கொண்டு மீதியைப் பார்க்காமலேயே பார்த்தேன். முடிந்து வெளியே வந்தால், டீக்கடையில் அன்றைக்கு ஆடினவர்களில் ஒருவரின் அப்பாவோடு பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அவரும் இருபதாவது நிமிடம் எழுந்து வந்தவராம்.